பலியைப் புலியாக்கிய சொட்டு: ஒரு தமிழ்த் திகில் எழுத்துருவின் நிகழ்வு ஆய்வு

அட்டை மாதிரியை அனுப்பி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, பதிப்பாசிரியர் அக்கா போனில் கூப்பிட்டார். “தம்பி, எழுத்து ரொம்ப நல்லா வந்திருக்கு. ரத்தம் அப்படியே வழியுது. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். ‘கடைசிப் பலி’ன்னுதானே தலைப்பு கொடுத்தோம்? என் பொண்ணு ‘கடைசிப் புலி’ன்னு படிக்கிறா.”

மாதிரியைத் திறந்து, தள்ளி நின்று பார்த்தேன். அவர் மகள் வாசித்ததில் தப்பே இல்லை. ப-வின் வலது முனையிலிருந்து ஒரு ரத்தச் சொட்டை, எழுத்துகள் நிற்கும் அடிக்கோட்டுக்குக் கீழே நீளமாக இழுத்துவிட்டிருந்தேன். அந்தத் தலைப்பிலேயே நான் மிகவும் ரசித்து வரைந்த சொட்டு அதுதான். ஆனால் தமிழில் அந்த இடத்தில் இறங்கும் கோட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. அது உகரம். நான் ரத்தம் என்று வரைந்ததை வாசிப்பவர் கண் உயிர்க்குறி என்று எடுத்துக்கொண்டது.

இந்த எழுத்துரு முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. ஏன் என்பதையும், கடைசியில் எது நின்றது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். கதை அட்டை, குறும்படத் தலைப்பு, கணினி விளையாட்டு என்று தமிழில் இந்த வகை எழுத்துக்குத் தேவை இருந்துகொண்டேதான் இருக்கிறது. அடுத்து வரைகிறவர் நான் விழுந்த அதே பள்ளத்தில் விழ வேண்டாம்.

கேட்டது என்ன

11 திகில் சிறுகதைகள் கொண்ட ஒரு தொகுப்பு. அட்டைத் தலைப்பு, உள்ளே ஒவ்வொரு கதையின் தலைப்பு, இணையத்தில் போடும் சின்ன விளம்பரப் படம் ஆகிய மூன்றுக்கும் ஒரே எழுத்து வேண்டும். கதை வரிகளுக்கு வழக்கமான எழுத்துரு போதும். தலைப்பை மட்டும் கையால் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று முதலில் கேட்டேன். அடுத்தடுத்த தொகுப்புகளுக்கும் அவர்களே தட்டச்சு செய்துகொள்ளும்படி யூனிகோடு எழுத்துருவாக வேண்டும் என்றார்கள். சரி என்றேன்.

மாதிரிக்கு இரண்டு ஆங்கில எழுத்துருக்களைக் காட்டினார்கள்: நோசிஃபர், க்ரீப்ஸ்டர். இரண்டுமே கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவை, இரண்டிலும் தமிழ் கிடையாது. நோசிஃபரில் ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் ரத்தம் சொட்டும். “இதே மாதிரி தமிழ்ல” என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே வரி விளக்கம். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். யோசித்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் சொட்டு ஏன் பிரச்சினை செய்வதில்லை என்று பின்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவை எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே அடிக்கோட்டில் நிற்கின்றன. அந்தக் கோட்டுக்குக் கீழே பொருள் என்று எதுவும் கிடையாது. O-வையும் Q-வையும் பிரிக்கும் சின்ன வால் ஒன்றுதான் விதிவிலக்கு. அங்கே எதைத் தொங்கவிட்டாலும் சொல் மாறாது.

தமிழில் அடிக்கோட்டுக்குக் கீழே ஒரு தனி ஊரே இருக்கிறது. பு, சு, வு, யு, ஙு ஆகியவற்றில் ஒரு கோடு நேராகக் கீழே இறங்கும். டு, மு, ரு, ழு, ளு ஆகியவை அடியில் வளைந்து சுற்றும். து, நு, லு, னு, று போன்றவை கீழே போய் வலப்பக்கம் மேலேறிக் கால் போல நிற்கும். கு தனி ரகம். இதில் முதல் கூட்டம்தான் ஆபத்தானது, ஏனென்றால் நேராக இறங்கும் கோடும் ரத்தச் சொட்டும் ஒரே உருவம். பலி புலியாகும். பகை புகையாகும். உயிரெழுத்திலும் இதே கதைதான். எ-வின் வலது காலில் ஒரு சொட்டு விழுந்தால் அது ஏ. எரி என்று தலைப்பு வைத்தால் ஏரி என்று வாசிப்பார்கள். ம-வின் அடியில் ஒன்று தொங்கினால் அவசரப் பார்வைக்கு ழ-வின் சாயல் வந்துவிடுகிறது.

சொட்டைக் குட்டையாக்கிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், ஒரே எழுத்தில் மூன்று நான்காகப் பிரித்தும் பார்த்தேன். பெரிய அளவில் ஓரளவு தப்பித்தது. போன் திரையில் விளம்பரப் படம் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருங்கும்போது மூன்று சொட்டும் ஒன்றாகிப் பழையபடி புலி வந்து நின்றது. முதல் வடிவத்தை முழுதாகக் கைவிட்டேன்.

அரித்துப் பார்த்தது

இரண்டாவது வடிவம் எதிர்த்திசையில் போனது. கூட்டினால்தானே வம்பு, எடுத்துவிடுவோம் என்று நினைத்தேன். பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது போல எழுத்தின் ஓரங்களைத் தின்னவிட்டேன். முதல் பார்வையில் அழகாகத்தான் இருந்தது.

தொகுப்பில் ‘பேய்’ என்ற சொல் உள்ள தலைப்புகள் இரண்டு இருந்தன. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வித்தியாசம் மேலே இருக்கும் ஒரு சின்னச் சுழி மட்டுமே. அரிப்பு அந்தச் சுழியைத் தின்றதும் பேய், பெய் ஆயிற்று. மழை பெய்வதற்குப் பயப்படுகிறவர் யார்? ‘பீதி’யில் மேல்விலங்கின் சுழி போய் ‘பிதி’ என்று பொருளில்லாத ஒன்று நின்றது. ர-வின் அடியில் சாய்ந்து நிற்கும் குட்டிக் கோடு உதிர்ந்தால் அது துணைக்கால். புள்ளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சில அளவுகளில் அவை அரிப்பின் பொட்டுகளோடு கலந்து காணாமலே போயின.

இந்தக் கட்டத்தில் ஒரு நண்பர் நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டார். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே வைக்கமாட்டார்கள், எகர ஏகார வித்தியாசமும் காட்டமாட்டார்கள், அதையும் ஆட்கள் படித்துக்கொண்டுதானே இருந்தார்கள்? உண்மைதான். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் சுவடி எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். கொம்பை மேலே சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டும் இன்றைய முறை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. ஆனால் சுவடி வாசித்தவர் முழுப் பாட்டையும் கையில் வைத்துக்கொண்டு, யாப்பும் பொருளும் துணை நிற்க, நிதானமாக வாசித்தார். அட்டையைப் பார்ப்பவர் தருவது ஒரே ஒரு நொடி. அவர் முன்னால் நிற்பதும் ஒன்றிரண்டு சொற்கள்தான். பக்கத்துச் சொல் கைகொடுக்காத இடத்தில் எழுத்துதான் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும்.

அந்த உரையாடலில் தோற்றது அவர் வாதம். எனக்கு வழி காட்டியதும் அவர் வாயிலிருந்து வந்த சொல்லேதான்: சுவடி.

கீறல்

எழுத்தாணி ஓலையில் எழுதும்போது மை கிடையாது. கீறல் மட்டும்தான். ஆணி இறங்கும் இடத்தில் கூர்மை, நடுவில் அழுத்தம், கை எடுக்கும் இடத்தில் மறுபடி கூர்மை. ஒரு திகில் எழுத்துக்கு வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறதே என்று தோன்றியது. சொட்டு என்பது எழுத்து முடிந்த பிறகு அதன் மேல் கொண்டுவந்து ஒட்டுவது. அதனால் எழுத்தில் இல்லாத ஒரு கோடு கூடிவிடுகிறது. கீறல் எழுத்தின் சொந்தக் கோட்டிலேயே ஓடுவதால் புதிதாக எந்தக் கோடும் முளைப்பதில்லை.

வீட்டில் ஒரு தடித்த அட்டை முழுக்க மெழுகு வண்ணத்தில் வெள்ளை தேய்த்து, அதன் மேல் கறுப்பு பூசி, இரும்பு ஆணியால் எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதிய சொல் ‘கொலை’. ல-வின் சுழிக்கு வரும்போது ஆணியைத் திருப்ப மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. வட்டமாக வர வேண்டிய சுழி இரண்டு பக்கமும் நசுங்கி, பாதாம்பருப்பு போல நீண்டு, ஓரத்தில் ஒரு பிசிறோடு மூடியது. பார்த்தால் பாதி மூடிய கண். பக்கத்தில் இருந்த ஐகாரக் கொம்பின் இரண்டு சுழிகளும் அப்படியே இரண்டு கண்கள். எழுத்து என்னைப் பார்த்தது. இத்தனை நாள் எழுத்துக்கு வெளியே ரத்தமாகவும் அரிப்பாகவும் தேடிய பயம் சுழிக்குள் இருந்திருக்கிறது.

அங்கிருந்து எல்லா முடிவும் சுலபமாக வந்தது. தமிழ் எழுத்தில் சுழி இல்லாத பக்கமே கிடையாது. ண, ன, ல, ள, வ, அ, ஐ, கொம்புகள், மேல்விலங்கு என்று எங்கும் இருக்கிறது. அத்தனையையும் வட்டத்திலிருந்து பிளவாக மாற்றினேன். ஆனால் ஒரு சுழியைக்கூட அடைக்கவில்லை, எடுக்கவில்லை, கூட்டவில்லை. எண்ணிக்கை மாறாதவரை வாசிப்பு மாறாது. நேர்கோடுகளை ஒவ்வொரு எழுத்திலும் இரண்டு மூன்று டிகிரி வேறுவேறு பக்கம் சாய்த்தேன். தனியாகப் பார்த்தால் தெரியாது. சொல்லாகச் சேரும்போது எதுவோ சரியில்லை என்ற உணர்வு வரும். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இறுக்கினேன். அடிக்கோட்டுக்குக் கீழே உகர ஊகாரக் கோடுகளையும் எழுத்துக்கே உரிய வால்களையும் தவிர எதுவும் இறங்கக் கூடாது என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு ரத்தம் இல்லாததில் கொஞ்சம் வருத்தம். “பயமா இருக்கு, ஆனா திகில்னு உடனே தெரியுமா தம்பி?” என்றார். 2016-இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் தலைப்பை எடுத்துக் காட்டினேன். எட் பெங்கியாட் 1970களில் வடிவமைத்த ஐடிசி பெங்கியாட் எழுத்துருவில் அமைந்த தலைப்பு அது. சொட்டு இல்லை, கீறல்கூட இல்லை. நெருக்கி அடுக்கிய எழுத்து, இருட்டு, சிவப்புக் கோடு, அவ்வளவுதான். அவர் சமாதானமானார். இருந்தாலும் அவர் ஆசைக்காக ஒரு சலுகை செய்தேன். க, ச, த ஆகிய மூன்றில் மட்டும் மேற்கோட்டிலிருந்து உள்பக்கமாக ஒரு குட்டிச் சொட்டு இறங்கும், பாதி வழியில் நின்றுவிடும். ர-விலும் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கோடு விழுந்ததும் ற-வின் முகம் வந்தது, எடுத்துவிட்டேன்.

மனம்போல விளையாடிய எழுத்து ஒன்று உண்டு: ஃ. மூன்று புள்ளியும் மூன்று பிளவுகள். மேலே உள்ளது மட்டும் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருக்கும். கதைகளுக்கு நடுவே பிரிப்புக்குறியாக அதையே வைத்தார்கள்.

இரட்டிப்பு என்ற தமிழ்த் தலைவலி

கையால் கீறியது போன்ற எழுத்துருவில் எல்லோருக்கும் வரும் சிக்கல், ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் பிசிறும் அதே இடத்தில் இரண்டு முறை வரும். உடனே அச்சு என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அடுத்தடுத்து ஒரே எழுத்து வருவது எப்போதாவதுதான். தமிழில் ரத்தம், பட்டப்பகல், நடுக்கம், கறுப்பு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இரட்டிப்பு.

எல்லா எழுத்தையும் பல வடிவத்தில் வரைவது நடக்காத காரியம். 247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை என்பது உண்மை. யூனிகோடில் உயிர்மெய் என்பது மெய்க்கான குறியும் உயிர்க்குறியும் சேர்ந்தது, கால், கொம்பு, புள்ளி எல்லாம் ஒரு முறை வரைந்தால் போதும். ஆனாலும் 12 உயிர், ஆய்தம், 18 மெய், உகர ஊகாரம் ஏறிய 36 என்று அதுவே 67 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் டி, டீ, கிரந்தம், எண்கள். அதனால் இரட்டிப்பில் அதிகம் வரும் க, ச, ட, த, ப, ற ஆகிய ஆறு வல்லினத்துக்கும் ல, ள, ன, ம ஆகியவற்றுக்கும் மட்டும் மும்மூன்று வடிவம் வரைந்தேன். எது எப்போது வர வேண்டும் என்பதை ஓப்பன்டைப் எழுத்துரு வடிவத்தில் உள்ள கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்நேட்ஸ், அதாவது பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் வசதியில் விதியாக எழுதினேன்: க-வை அடுத்து க வந்தால் இரண்டாவது க-வுக்கு மாற்று வடிவம்.

விதி வேலையே செய்யவில்லை. ஒரு மாலை முழுக்கத் தேடினேன். காரணம் ரொம்பச் சின்னது. ‘க்க’ என்பதில் க-வை அடுத்து வருவது க இல்லை, புள்ளி! என் எழுத்துருவில் புள்ளி தனி வடிவமாக, ஆங்கர் என்ற ஒட்டுமிடம் வைத்து மேலே உட்காருகிறது. கணினி கண்ணில் வரிசை க, புள்ளி, க. அந்த விதியில் குறிகளைப் பொருட்படுத்தாதே என்ற அமைப்பை இயக்கியதும் எல்லாம் ஒழுங்காக மாறியது.

அப்புறம் பார்த்தால், அட்டைத் தலைப்பிலேயே இன்னொன்று. ‘கடைசிப் பலி’. வல்லினம் மிகுந்து ப் ஒரு சொல்லின் கடைசியில் நிற்கிறது, ப அடுத்த சொல்லின் முதலில் நிற்கிறது, நடுவில் ஓர் இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான், விதிக்கு அப்படி இல்லை. இடைவெளியைத் தாண்டியும் பார்க்கும் இன்னொரு விதி எழுத வேண்டியிருந்தது. சந்தி இலக்கணம் எழுத்துருக் கோப்புக்குள் வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

பழைய லை

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன்னால் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் யானைத் துதிக்கை போல முன்னால் எழும்பி வளையும் வடிவத்தில் இருந்தன. ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர ஓகாரங்களும் சேர்ந்து 13 எழுத்துகள் அன்று மாறின. கொலை, தலை, மூளை, கனா என்று திகில் கதையின் சொற்களில் இந்த 13 அடிக்கடி வருகின்றன. பழைய லை போட்டு ‘கொலை’ என்று எழுதினால், சொல் இப்போது எழுதியது போலவே இருக்காது. யாரோ எப்போதோ எழுதி, பூட்டிவைத்த பெட்டிக்குள் கிடந்தது போல இருக்கும்.

எனக்கு அதையே முதன்மை வடிவமாக வைக்க ஆசை. ஆனால் சீர்திருத்தத்துக்குப் பிறகு படித்த பலர் அந்த எழுத்தை அச்சில் பார்த்ததே இல்லை, அவர்களுக்கு அது புதிர். அதனால் ஸ்டைலிஸ்டிக் செட்டாக, அதாவது விருப்ப வடிவத் தொகுப்பாக, உள்ளே வைத்தேன். விரும்பினால் இயக்கிக்கொள்ளலாம். தொகுப்பில் ஒரு பழைய வீட்டைப் பற்றிய கதைத் தலைப்பில் மட்டும் அதைப் பயன்படுத்தினார்கள். புத்தகத்தில் எனக்குப் பிடித்த பக்கம் அது.

சோதனையும் அச்சும்

மூன்றாம் வடிவத்தைச் சோதிக்க பலி, புலி, பகை, புகை, எரி, ஏரி, பேய், பெய் என்று குழப்பம் தரக்கூடிய சொற்களாகவே எடுத்துக்கொண்டேன். எந்தச் சொல் வரும் என்று தெரியாத ஆட்களிடம் போனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, ஒரு நொடி மட்டும் காட்டிப் படிக்கச் சொன்னேன். ஒருவர் தடுமாறினாலும் அந்த எழுத்து மறுபடி மேசைக்கு வரும். பேய் இரண்டு முறை வந்தது. இரட்டைக்கொம்பின் மேல்சுழியைக் கீழ்ச்சுழியைவிடக் கொஞ்சம் பெரிதாக்கியதும் நின்றது. மரபுப்படி அது சரியான விகிதம் இல்லைதான், ஆனால் மேல்சுழி தெரிந்தால்தானே பேய் பேயாக இருக்கும்.

அச்சில் வந்த சிக்கல் வேறு. அட்டையில் கறுப்புப் பின்னணி, எழுத்து வெள்ளையாக விடப்பட்டது. அப்படி விடும்போது சுற்றியுள்ள மை எழுத்துக்குள் கொஞ்சம் பரவி மெல்லிய முனைகளைத் தின்றுவிடும். ஆணிக் கீறலின் முனையை, எழுத்தின் அளவை 1000 அலகாகப் பிரிக்கும் சட்டத்தில் 14 அலகு வரை மெலியவிட்டிருந்தேன். அட்டைத் தலைப்பு பெரியது, தாங்கியது. பின்னட்டையில் 24 பாயின்டில் வைத்த வரியில் அது 0.12 மில்லிமீட்டருக்கும் குறைவு. முனைகள் மழுங்கி, புள்ளிகள் சுருங்கி வந்தன. முனையின் குறைந்தபட்ச அளவை 24 அலகுக்கு, அதாவது அந்த அளவில் சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு ஏற்றினேன். புள்ளியைக் கால் பங்கு பெரிதாக்கி, எழுத்திலிருந்து இன்னும் சற்று மேலே தூக்கினேன். கூர்மை கொஞ்சம் போனதில் வருத்தம்தான், புள்ளி பிழைத்தது.

திருத்திய கோப்பு இரண்டாம் அச்சுக்குப் போயிருக்கிறது. ஸ்ரீ மட்டும் இன்னும் எனக்குத் திருப்தியாக வரவில்லை. அதன் அடியில் இயல்பாகவே இத்தனை கோடுகள் இறங்குகின்றன, ஆணி எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்று அட்டையில் கீறிக் கீறிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.